உருளைக்கிழங்கு வேகவைத்த கப்பல் மணி: நியூசிலாந்துக்குத் தமிழ் எழுத்து போன கதை

நியூசிலாந்தில் ஐரோப்பியர் இறங்குவதற்கு முன்பே தமிழர் இறங்கிவிட்டார்கள், அதற்குச் சாட்சியாக ஒரு வெண்கல மணி அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று ஒரு செய்தி அவ்வப்போது கைபேசிக்கு வந்துகொண்டே இருக்கிறது. சில பதிப்புகளில் அது பாண்டியர் கப்பல், சிலவற்றில் சோழர் கடற்படை. மணியின் படமும் கூடவே வரும். படம் உண்மை. மணியும் உண்மை. அதில் ஓடும் எழுத்து தமிழ்தான், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் செய்தியை அனுப்புகிறவர்கள் மணியில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று படிப்பதில்லை. படித்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. அந்தப் பக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

## மணி கிடைத்த விதம்

வில்லியம் கொலென்சோ என்பவர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரர். அச்சுத் தொழில் தெரிந்தவர். கிறித்தவ மிஷன் ஒன்றின் அச்சகத்தை நடத்துவதற்காக 1834 டிசம்பர் கடைசியில் நியூசிலாந்தின் வடபகுதிக்கு வந்து சேர்ந்தார். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் புதிய ஏற்பாட்டை 1837-இல் அச்சிட்டவர் அவர்தான். செடிகொடிகளைத் தேடி நாடெங்கும் நடந்தவர் என்பதால் தாவரவியலிலும் அவருக்குப் பெயர் உண்டு.

1836 வாக்கில் வாங்கரேய் என்ற ஊருக்கு அருகே ஒரு மாவோரிக் குடியிருப்பில் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததைக் கொலென்சோ பார்த்தார். அடுப்பில் இருந்த பாத்திரம் வழக்கமான சட்டி இல்லை. உற்றுப் பார்த்தால் வெண்கல மணி. கவிழ்த்துப் பிடித்தால் மணியும் ஒரு சட்டிதானே. ஒரு சாண் உயரம்கூட இல்லாத அந்த மணியின் விளிம்பைச் சுற்றி, அவருக்குப் புரியாத எழுத்துகள் ஓடின. இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். பல காலத்துக்கு முன்பு ஒரு பெரும் புயலில் மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது, அதன் வேருக்கடியில் கிடந்தது என்று பதில் வந்தது. ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து மணியை வாங்கிக்கொண்டார் கொலென்சோ.

1865-இல் டனீடின் நகரில் நடந்த நியூசிலாந்துக் கண்காட்சியில் மணி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. கொலென்சோ 1899-இல் இறந்தபோது அதை நாட்டின் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த அருங்காட்சியகத்தின் இன்றைய வடிவம்தான் வெலிங்டனில் உள்ள தே பாப்பா. ‘தமிழ் மணி’ என்ற பெயரிலேயே அது அங்கே இருக்கிறது.

## உருளைக்கிழங்கும் ஒரு சாட்சி

இந்தக் காட்சியில் எல்லோரும் மணியைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் கிழங்கைப் பார்க்கச் சொல்வேன்.

உருளைக்கிழங்கு நியூசிலாந்தின் பயிர் அல்ல. 1769-க்குப் பிறகு வந்த ஐரோப்பியக் கப்பல்கள்தான் அதைக் கொண்டுவந்தன. சில பத்தாண்டுகளுக்குள் வடபகுதி மாவோரிகள் அதை ஏராளமாகப் பயிரிட்டுத் திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கு விற்றார்கள், பதிலுக்குத் துப்பாக்கி வாங்கினார்கள். இன்னொன்று: மாவோரிகளிடம் உலோகமும் கிடையாது, மண்பானையும் கிடையாது. குழி தோண்டிக் கல்லைச் சூடாக்கி, அதன்மேல் உணவை வைத்து மூடி வேகவைப்பதுதான் அவர்களுடைய பரம்பரைச் சமையல். சட்டியைத் தீமேல் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைப்பது வந்தவர்களிடமிருந்து கற்ற பழக்கம்.

ஆக, கொலென்சோ பார்த்த சமையல் முழுக்க முழுக்க ஐரோப்பியத் தொடர்பு வந்த பிறகான சமையல். ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் 1769-இல் வந்து அப்போது 67 ஆண்டுகள் ஆகியிருந்தன. மணி அதற்கு முன்பே வந்திருக்கலாம், பின்பும் வந்திருக்கலாம். ‘ஐரோப்பியருக்கு முன்பே’ என்று சொல்ல வேண்டுமானால் அதற்குத் தனியாகச் சான்று வேண்டும். நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, மரம் சாய்ந்த கதை.

அந்தக் கதையை நான் தள்ளிவிடவில்லை. வாய்மொழி நினைவுகளில் உண்மை நிற்கும், மாவோரிகளின் நினைவுகளில் நன்றாகவே நிற்கும். ஆனால் வேருக்கடியில் கிடந்தது என்றால் மரம் முளைப்பதற்கு முன்பே அங்கே கிடந்தது என்று உடனே முடிவுகட்ட முடியாது. 1810-களிலும் 1820-களிலும் அந்த வடபகுதியில் துப்பாக்கிப் போர்கள் கடுமையாக நடந்தன. விலைமதிப்புள்ள பொருளை ஊரைவிட்டு ஓடும்போது மரத்தடியில் புதைத்திருக்கலாம், மறைத்தவர் திரும்பிவராமல் போயிருக்கலாம். அந்த மரம் இன்று இல்லை. இருந்திருந்தால் அதன் வளையங்களை எண்ணியாவது பார்த்திருக்கலாம்.

## மணியில் என்ன எழுதியிருக்கிறது

வழக்கமாகக் கொடுக்கப்படும் வாசகம் இது:

முகைய்யதீன் வககுசுஉடைய கபபல உடைய மணி

இன்றைய எழுத்தில் புள்ளி வைத்து எழுதினால்: முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி. அவ்வளவுதான். அரசன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, ஊர் இல்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொள்வோம்.

1. முகையதீன். அரபியில் முஹ்யித்தீன், மார்க்கத்துக்கு உயிரூட்டியவர் என்று பொருள். 1166-இல் பாக்தாதில் மறைந்த சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானியின் சிறப்புப் பெயர் இது. தமிழ் முஸ்லிம்களிடையே அவருக்கு இருக்கும் இடம் பெரியது. முகையதீன் ஆண்டவர் என்பார்கள், ஊருக்கு ஊர் அவர் பெயரில் பள்ளிவாசல் இருக்கும், ரபீஉல் ஆகிர் மாதத்தில் அவருக்குக் கந்தூரி நடக்கும். முகைதீன், மொகிதீன், மைதீன் என்று பெயர் எத்தனையோ விதமாக உருண்டு இன்றும் வீட்டுக்கு வீடு புழங்குகிறது.

2. வக்குசு. இதுதான் பலரைத் திணறடிக்கும் சொல். பாரசீகத்தில் ‘பக்‌ஷ்’ என்றால் கொடை, அருளப்பட்டது. நம் நாக்கு அதை மென்மையாக்கி, முன்னால் ‘வ’ போட்டு, நடுவிலும் கடைசியிலும் உகரம் சேர்த்து ‘வக்குசு’ ஆக்கிவிட்டது. முகையதீன் வக்குசு என்றால் முகையதீன் அருளியது. திருநெல்வேலிப் பக்கம் மைதீன் பிச்சை என்று பெயர் வைப்பார்களே, கிட்டத்தட்ட அதே பொருள். பாரசீகச் சொல்லுக்குப் பதில் நம் ‘பிச்சை’, அவ்வளவுதான் வேறுபாடு.

3. உடைய. இரண்டு முறை வருகிறது. முகையதீன் வக்குசு என்பவருக்குச் சொந்தமான கப்பல் என்றும் படிக்கலாம், முகையதீன் வக்குசு என்ற பெயருடைய கப்பல் என்றும் படிக்கலாம். ஆட்களுக்கும் இந்தப் பெயர் உண்டு. ஆனால் காதர் பக்சு, முகையதீன் பக்சு போன்ற பெயர்கள் அக்காலத்தில் இந்தியக் கப்பல்களுக்கும் வழக்கமாக வைக்கப்பட்டவை. ஞானியின் காவலில் கப்பலை ஒப்படைத்துப் பெயர் வைப்பது. எனக்கு இரண்டாவது வாசிப்பே பொருத்தமாகப் படுகிறது.

4. கப்பல், மணி. இந்த இரண்டுக்கும் விளக்கம் வேண்டாம். அந்த எழுத்தைப் பார்த்து ஒரு தமிழ்ப் பிள்ளைகூடச் சிரமப்பட்டாவது படித்துவிடும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாசகம் பேச்சுவழக்குக்கு அவ்வளவு நெருக்கம். கல்வெட்டுத் தமிழின் நெளிவு எதுவும் இதில் இல்லை.

மணி எதற்கு? பாய்மரக் கப்பலில் கடிகாரம் எல்லோர் கையிலும் கிடையாது. காவல் முறை மாறுவதை மணி அடித்துத்தான் சொல்வார்கள். மூடுபனியில் இன்னொரு கப்பலுக்கு எச்சரிக்கை கொடுக்கவும் மணிதான். கப்பல் உடைந்தால் மரம் மிதந்து போகும், பாய் கிழிந்து போகும், மணி மிஞ்சும். மணியைக் கழற்றி வேறு கப்பலில் மாட்டுவதும் விற்பதும் உண்டு. ஒரு கப்பலின் பெயர் தாங்கிய மணி கிடைத்தால் அந்தக் கப்பலே அங்கே வந்தது என்று அர்த்தம் ஆகிவிடாது.

## வயதை எப்படிச் சொல்வது

பரவும் செய்திகளில் மணிக்கு 500 வயது, பிற்காலப் பாண்டியர் காலம் என்று இருக்கும். சிலவற்றில் கார்பன் ஆய்வு செய்து உறுதிப்படுத்தியதாகவே எழுதிவிடுகிறார்கள். இந்தக் கடைசிச் செய்தி நடக்க முடியாத ஒன்று. கார்பன்-14 முறை ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்கு மட்டும் பொருந்தும்: மரம், எலும்பு, துணி, விதை. உயிர் போன பிறகு அந்தப் பொருளில் உள்ள கார்பன்-14 ஏறக்குறைய 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும், அந்தக் குறைவைக் கணக்கிட்டு வயது சொல்கிறார்கள். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். அதற்கு எந்த உயிரும் இருந்ததில்லை.

சரி, எழுத்தை வைத்துச் சொல்லலாமே? இங்கேதான் 500 ஆண்டுக் கணக்கு பிறந்தது. இன்று வழக்கில் இல்லாத பழைய எழுத்து வடிவங்கள் சில மணியில் இருக்கின்றன, புள்ளி இல்லை, ஆகவே மிகப் பழையது என்று வாதம். இதில் இரண்டு சிக்கல்கள்.

முதலாவது புள்ளி. பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். கல்வெட்டிலும் அதே பழக்கம். புள்ளியில்லா ஓலைகள் 19-ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டன. அச்சு பரவிய பிறகுதான் புள்ளி தவறாமல் வந்தது. ஆகவே புள்ளி இல்லாததை வைத்து 1450 என்றும் சொல்ல முடியாது, 1750 என்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது, எழுத்து வடிவம் காலத்தோடு மாறும் வேகம் இடத்துக்கு இடம் வேறுபடும். அரசவையின் கல்தச்சன் எழுதுவதும் துறைமுகத்து வார்ப்புக்காரர் எழுதுவதும் ஒன்றல்ல. வார்ப்புக்காரர் தன் தாத்தா காட்டிக்கொடுத்த வடிவத்தையே போடக்கூடும். தமிழில் காலம் சொல்ல உதவும் ஒரு நல்ல அளவுகோல் உண்டு: 18-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இங்கே வாழ்ந்த வீரமாமுனிவர் ஏகார ஓகாரத்துக்குத் தனிக் குறி வகுத்தார். ஒரு வாசகத்தில் ஏ, ஓ எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் அதற்கு முன்னா பின்னா என்று ஓரளவு ஊகிக்கலாம். ‘முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி’ என்பதில் எகரமோ ஏகாரமோ ஒகரமோ ஓகாரமோ ஒன்றுகூட இல்லை. அந்த அளவுகோலும் கைகொடுக்காமல் போய்விட்டது.

மிச்சம் இருப்பது பெயர். எழுத்தைவிட இதுதான் அதிகம் பேசுகிறது என்பது என் கருத்து. அப்துல் காதிர் ஜீலானியின் பெயரால் வழங்கும் காதிரிய்யா சூஃபி நெறி தமிழ்க் கடற்கரையில் வேரூன்றியது நாகூர் ஷாகுல் ஹமீது வாழ்ந்த 16-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும். பாரசீகச் சொல்லைச் சேர்த்துக் கப்பலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் பரவலானது முகலாயர் காலத்துக் கடல் வணிகத்தில். இவற்றை வைத்துப் பார்த்தால் மணி 17 அல்லது 18-ஆம் நூற்றாண்டுக்குரியது என்பதே பொருத்தமான கணிப்பு. பாண்டியர் காலத்துக்குக் கொண்டுபோக இந்தப் பெயர் இடம் கொடுக்கவில்லை.

## எந்த வழியாகப் போயிருக்கும்

வழிகள் பல. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது.

1. தமிழ்க் கப்பலே நேராகப் போனது. முடியாதது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து அச்சே, கெடா, மலாக்கா வரை போய், அடுத்த காற்றில் திரும்பியவை. அங்கிருந்து நியூசிலாந்து இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர். விற்கவோ வாங்கவோ ஒன்றும் இல்லாத, பெயரே தெரியாத தெற்கு நோக்கி எந்த முதலாளியும் சரக்குக் கப்பலை ஓட்டமாட்டார்.

2. ஆளில்லாத கப்பல் நீரோட்டத்தில் மிதந்து போனது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் கப்பலோட்டிகள் பொருட்படுத்திய கருத்து இது. கைவிடப்பட்ட மரக்கப்பல் மூழ்காமல் ஆண்டுக்கணக்கில் மிதக்கும். 2011 சுனாமியில் ஜப்பானிலிருந்து அறுத்துக்கொண்டு போன ஒரு மீன்பிடிக் கப்பல் ஓராண்டு கழித்து அலாஸ்கா பக்கம் போய்ச் சேர்ந்தது, 2012 ஏப்ரலில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அதைச் சுட்டு மூழ்கடித்தது. ஆனால் தென் இந்தியப் பெருங்கடலின் வெப்பப் பகுதி நீரோட்டம் மேற்கு நோக்கி ஓடுகிறது. 2014-இல் காணாமல் போன மலேசிய விமானத்தின் இறக்கைத் துண்டு ஒதுங்கியது ஆப்பிரிக்கப் பக்கத்து ரியூனியன் தீவில் என்பது நினைவிருக்கலாம். இந்தியக் கப்பல் ஒன்று நியூசிலாந்துக்கு மிதந்து போக வேண்டுமானால் முதலில் மேற்கே போய், ஆப்பிரிக்காவை ஒட்டித் தெற்கே இறங்கி, அப்புறம் மேலைக்காற்று நீரோட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கீழாகக் கிழக்கே வர வேண்டும். வந்தாலும் ஒதுங்குவது நியூசிலாந்தின் மேற்குக் கரையில். வாங்கரேய் இருப்பதோ கிழக்குக் கரையில். அந்த இடத்தில் நிலம் குறுகலானது, மணியை ஆள் தூக்கிப் போயிருக்கலாம் என்பது இதற்குப் பதில்.

3. ஐரோப்பியக் கப்பலில் போனது. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோருமே இந்தியக் கப்பல்களைப் பிடித்திருக்கிறார்கள், வாங்கியிருக்கிறார்கள், உடைத்துப் பொருளை எடுத்திருக்கிறார்கள். ஒரு நல்ல வெண்கல மணியை யாரும் வீசிவிடமாட்டார்கள்.

இந்த மூன்றாவது வழியில் ஒரு பயணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இது போதிய அளவு தெரிந்திருக்கவில்லை.

## 1769: புதுச்சேரியிலிருந்து போன கப்பல்

ழான் பிரான்சுவா த சுர்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவர், இந்தியாவில் இருந்த பிரெஞ்சு வணிகர்களோடு கூட்டுச்சேர்ந்து ஒரு பயணம் புறப்பட்டார். கப்பலின் பெயர் சேன் ழான் பாப்டிஸ்ட். வங்காளத்தில் சரக்கேற்றிப் புதுச்சேரிக்கு வந்து, 1769 ஜூன் தொடக்கத்தில் அங்கிருந்து கிளம்பியது. மலாக்கா, திரெங்கானு, பிலிப்பைன்ஸ் பக்கம், சாலமன் தீவுகள் என்று போய், டிசம்பர் 17-ஆம் தேதி நியூசிலாந்தின் வடமுனைக்குக் கீழே டவுட்லெஸ் விரிகுடாவில் நங்கூரம் போட்டது. கப்பலில் ஐரோப்பியர்களோடு லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகளும் இருந்தார்கள். நியூசிலாந்து மண்ணுக்கு வந்ததாக எழுத்தில் பதிவாகியுள்ள முதல் இந்தியர்கள் அவர்கள்தான். கரை சேரும் முன்பே ஸ்கர்வி நோயில் பலர் இறந்துவிட்டார்கள். வைட்டமின் சி கிடைக்காமல் ஈறு அழுகி, பழைய காயம் மறுபடி வாய்திறக்கும் நோய் அது.

அதே நாட்களில் கேப்டன் குக்கின் எண்டவர் கப்பலும் அதே முனையைச் சுற்றிக்கொண்டிருந்தது. டிசம்பர் நடுவில் கடும் காற்றில் இரண்டு கப்பல்களும் ஒன்றையொன்று பார்க்காமலேயே கடந்து போயின. உலகத்தின் அந்த மூலையில் இரண்டே இரண்டு ஐரோப்பியக் கப்பல்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

மாவோரிகள் நோயாளிகளுக்குக் கீரையும் மீனும் கொடுத்து உதவினார்கள். பிறகு புயல் வந்தது. சுர்வில் மூன்று நங்கூரங்களை இழந்தார். சிறு படகு ஒன்றும் அறுத்துக்கொண்டு கரையில் ஒதுங்கியது, மாவோரிகள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பழிவாங்க சுர்வில் குடிசைகளைக் கொளுத்தி, ரங்கினுயி என்ற தலைவரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நோயாளிகளுக்கு உணவு கொடுத்தவர்களுக்குச் செய்த கைம்மாறு இது, படிக்கும்போது மனம் கனக்கிறது. ரங்கினுயி சில மாதங்களில் கடலிலேயே இறந்தார். சுர்வில் 1770 ஏப்ரலில் பெரு நாட்டுக் கரையில் படகு கவிழ்ந்து மூழ்கிப்போனார். அவர் இழந்த நங்கூரங்கள் 1974-இல் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன.

மணி இந்தக் கப்பலில்தான் போனது என்று நான் சொல்லவில்லை. டவுட்லெஸ் விரிகுடாவுக்கும் வாங்கரேய்க்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. இந்தக் கதையிலிருந்து நான் எடுப்பது வேறு: தமிழ்க் கரையிலிருந்து நியூசிலாந்தின் அதே வடபகுதிக்கு, மணி கிடைப்பதற்கு 67 ஆண்டுகள் முன்பே, நேரடியான, பதிவான ஒரு பயணம் இருந்திருக்கிறது.

அது ஒன்றோடு நிற்கவும் இல்லை. 1788-இல் சிட்னி உருவானதும் கல்கத்தாவிலிருந்து லஸ்கர்கள் ஓட்டிய கப்பல்கள் அங்கே போகத் தொடங்கின. பாய்மரத்துக்கு நெட்டை மரம் தேடி நியூசிலாந்தின் வடபகுதிக்கும் கப்பல்கள் வந்தன. 1809-10 வாக்கில் சிட்டி ஆஃப் எடின்பரோ என்ற கப்பலிலிருந்து ஓர் இந்திய மாலுமி தப்பியிறங்கி, மாவோரிப் பெண்ணை மணந்து அங்கேயே தங்கிவிட்டதாகப் பதிவு இருக்கிறது. இத்தனை போக்குவரத்துக்கு நடுவில் ஒரு மணி கைமாறுவது பெரிய அதிசயம் இல்லை.

## உண்மையான தொடர்பு எப்படித் தடம் விடும்

ஒரு பொருள் ஓரிடத்தில் கிடைப்பது வேறு, ஒரு மக்கள் அங்கே போய் வந்தது வேறு. பின்னது நடந்திருந்தால் தடயம் ஒன்றோடு நிற்காது.

நியூசிலாந்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. மாவோரிகளின் முன்னோர்கள் எப்போது வந்தார்கள் என்பதை எலிகள் சொல்லியிருக்கின்றன. அவர்கள் படகில் கூடவே வந்த சிறு எலிகள் காட்டு விதைகளைக் கடித்துப் போட்டன. பல் தடம் பதிந்த அந்த விதைகளைக் கார்பன் முறையில் ஆராய்ந்து, 1280-ஐ ஒட்டி மனிதர் வந்தார்கள் என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. விதை உயிருள்ள பொருள், அதற்கு இந்த முறை செல்லும்.

இன்னொன்று கூமரா, அதாவது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அது தென் அமெரிக்கப் பயிர். ஐரோப்பியர் வருமுன்பே, மாவோரிகளின் முன்னோர் வாழ்ந்த பாலினீசியத் தீவுகளில் விளைந்தது. கிழங்கோடு பெயரும் ஒத்துப்போகிறது. 2020-இல் வந்த மரபணு ஆய்வு, 1200 வாக்கில் பாலினீசியருக்கும் தென் அமெரிக்க மக்களுக்கும் கலப்பு நடந்ததையும் காட்டிவிட்டது. பயிர், சொல், இரத்தம் என்று மூன்று சாட்சிகள்.

தமிழர் கடல் கடந்து போன இடங்களிலும் இப்படியே தடயம் குவிந்து கிடக்கிறது. தாய்லாந்தின் தகுவா பா-வில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. சுமத்ராவின் பரூஸ் அருகே 1088-இல் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்த கல். சீனாவின் சுவான்சோ நகரில் 1281-இல் சிவன் கோயிலுக்கு எழுதிய தமிழ் வரிகள். இலங்கையின் காலி நகரில், சீனக் கடற்தளபதி செங் ஹே சீனம், பாரசீகம், தமிழ் என்ற மூன்று மொழிகளில் நட்ட 1409-ஆம் ஆண்டுக் கல். வெளிநாட்டுத் தளபதி ஒருவர் தமிழையும் சேர்த்துக் கல் நடும் அளவுக்குக் கடலில் நம் மொழி புழங்கியது. நியூசிலாந்தில் மணி ஒன்றுதான் இருக்கிறது. பயிர் இல்லை, சொல் இல்லை, வீடு இல்லை, பானை ஓடுகூட இல்லை.

## பெயருக்கு உரியவர்கள்

இனி அந்த மணியை வார்க்கச் சொன்னவர்களைப் பற்றி. பாண்டியன், சோழன் என்று பெருமை பேசும் செய்திகளில் இவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். மணியிலேயே அவர்கள் பெயர் இருக்கும்போது அதை மறைத்துவிட்டு மணியை மட்டும் கொண்டாடுவது நியாயமாகத் தெரியவில்லை.

நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை, அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம். இந்த ஊர்களின் மரக்காயர்கள் கப்பல் வைத்திருந்த வணிகர்கள். பெயரையே மரக்கலத்தோடு சேர்த்துப் பொருள் சொல்வார்கள். இங்கிருந்து துணி போகும். அங்கிருந்து தகரம், பாக்கு, மிளகு வரும், சில நேரம் யானையும் வரும். கப்பல் தலைவரை நகுதா என்பார்கள். சுக்கான் பிடிப்பவர், பாய் ஏற்றுபவர் என்று ஆட்களில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள்.

புயலில் அவர்கள் கூப்பிட்ட பெயர்களில் ஒன்று முகையதீன் ஆண்டவர், இன்னொன்று நாகூர் ஆண்டவர். நாகூரில் இன்றும் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஷாகுல் ஹமீது நாவிதரிடம் சவரம் செய்துகொண்டிருக்கிறார். திடீரென்று நாவிதரின் கண்ணாடியைப் பிடுங்கித் தூர வீசுகிறார். நாவிதருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு கப்பல்காரர் நன்றிக் காணிக்கையோடு வந்து இறங்குகிறார்: நடுக்கடலில் கப்பலில் ஓட்டை விழுந்தது, ஆண்டவரை வேண்டினோம், எங்கிருந்தோ ஒரு கண்ணாடி பறந்து வந்து ஓட்டையை அடைத்தது! கந்தூரிக் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவத்தில் ஜோடித்த ரதங்கள் போவதைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கடலோரத்துக்கு இந்தக் கதை எவ்வளவு நெருக்கம் என்று புரியும். கப்பலுக்கு ‘முகையதீன் அருளியது’ என்று பெயர் வைத்து, அதை மணியிலும் வார்த்துக் கட்டியவர்கள் இந்த நம்பிக்கையில் வாழ்ந்தவர்கள்.

இவர்கள் போன இடங்களில் தடயம் தெளிவாக நிற்கிறது. பினாங்கில், தமிழ் முஸ்லிம்களை அங்கே அழைத்த பெயரிலேயே சூலியா தெரு இருக்கிறது. அங்கே 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், பரங்கிப்பேட்டைக்காரரான காதர் முகைதீன் மரைக்காயர் தலைமையில் உருவானது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்காவின் நினைவாகக் கட்டிய தர்காக்கள் இருக்கின்றன. மணியின் பெயரையும் இந்தப் பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: முகையதீன், காதர், நாகூர். எல்லாம் ஒரே உலகம்.

இனி யாராவது தேட வேண்டுமானால் தேட வேண்டிய இடம் பாண்டியர் மெய்க்கீர்த்தி இல்லை, துறைமுகப் பதிவேடு. நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் வைத்திருந்தார்கள், வந்து போகும் கப்பல்களை எழுதிவைக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. மதராஸ், மலாக்கா, பினாங்குப் பதிவுகளும் இருக்கின்றன. ஐரோப்பிய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், ஆகவே மைதீன் பக்ஸ், மொகிதீன் பக்ஷ் என்று பல எழுத்துக்கூட்டலில் தேட வேண்டியிருக்கும். பெயர் கிடைப்பது பெரிய கஷ்டமாக இருக்காது. அது அவ்வளவு பொதுவான பெயர். அந்தப் பெயரோடு போன கப்பல்களில் எது ஊர் திரும்பவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.